தேடலில் கண்ணில் படும் டைட்டில்: வலைப்பக்கத் தலைப்பு எழுதும் முழுமையான வழிகாட்டி

தேடல் முடிவுகள் வரிசையாக வந்து நிற்கும்போது யாரும் எல்லாவற்றையும் படிப்பதில்லை. கண் மேலிருந்து கீழே ஓடுகிறது. ஒவ்வொரு வரியிலும் முதல் நான்கைந்து சொற்களைத் தொட்டுவிட்டு நகர்கிறது. தேடியது அங்கே தெரிந்தால்தான் விரல் நிற்கும். அந்த வரி பெரும்பாலும், உங்கள் பக்கத்தின் நிரலில் தலைப்பைக் குறிக்கும் டைட்டில் டேகிலிருந்து வருவது. கட்டுரைக்குப் பல நாள் உழைத்துவிட்டு, டைட்டிலை மட்டும் வெளியிடும் நேரத்தில் அவசரமாகத் தட்டிவிடுவது பரவலான வழக்கம். நல்ல பக்கங்கள் பல யாருக்கும் தெரியாமல் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

டைட்டில் எழுதுவதற்கு அடிப்படையான கேள்வி இதுதான்: இதைத் தேடி வருபவர் எந்தச் சொற்களோடு வருவார், அந்தச் சொற்களுக்கு இந்தப் பக்கம் உண்மையில் என்ன விடை தருகிறது? கீழே வரும் எல்லாப் படிகளும் இந்தக் கேள்வியைச் சார்ந்தவையே. லேப்டாப் அளவுக்கு மீறிச் சூடாவதைப் பற்றிய ஒரு பக்கத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

எதை எழுதுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தலைப்பு என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று தனித்தனி விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. டைட்டில் டேக், பக்கத்தைக் கட்டும் குறிமொழியான எச்டிஎம்எல்லின் ஹெட் பகுதியில் இருப்பது. பக்கத்துக்குள் அது தெரியாது. உலாவியின் டேபிலும் புக்மார்க்கிலும் தேடல் முடிவிலும் தெரியும். எச்1 என்பது பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில் வாசகர் பார்க்கும் தலைப்பு. ஓப்பன் கிராஃப் டைட்டில் என்பது சமூக ஊடகங்களில் இணைப்பைப் பகிரும்போது வரும் அட்டையில் தெரிவது. மூன்றையும் ஒரே வரியாக வைக்கலாம், வேறுபடுத்தவும் செய்யலாம். ஆனால் மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான், பக்கம் திறந்ததும் முதலில் வாசிப்பது டைட்டில் டேகைத்தான். மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வகைசெய்யும் டபிள்யூசிஏஜி அணுகல்தன்மை விதிகளில் 2.4.2 என்ற விதி, பக்கத்தின் பொருளைச் சொல்லும் டைட்டில் கட்டாயம் வேண்டும் என்கிறது. அது அடிப்படையான 'ஏ' நிலை விதி. ஆகவே தேடலைப் பற்றிக் கவலைப்படாத தளத்துக்கும் இந்த வேலை உண்டு.

பக்கத்தின் முக்கியச் சொற்களை நிரலுக்குள் பட்டியலிடும் மெட்டா கீவேர்ட்ஸ் என்ற பகுதியில் நேரத்தைச் செலவிட வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

படி 1: தேடுபவரின் சொற்களைத் திரட்டுங்கள்

எழுதுபவர் 'மடிக்கணினி வெப்பநிலை மேலாண்மை' என்று நினைப்பார். சூட்டில் கை வைக்க முடியாமல் தவிப்பவர் 'லேப்டாப் சூடாகுது' என்று தேடுவார். இந்த இடைவெளியை ஊகத்தால் நிரப்பக் கூடாது. நிரப்ப நான்கு வழிகள் உண்டு.

தேடல் பெட்டியில் முக்கியச் சொல்லைத் தட்டி, அது தானாகத் தரும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவுகளுக்கு நடுவே வரும் கேள்விப் பெட்டியையும், அடியில் வரும் தொடர்புடைய தேடல்களையும் பாருங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் இருந்தால் கூகுள் டிரெண்ட்ஸில் இரண்டையும் ஒப்பிடுங்கள். அங்கே வரும் 0 முதல் 100 வரையிலான எண் ஒப்பீட்டு அளவுதான், எத்தனை பேர் தேடினார்கள் என்ற எண்ணிக்கை அல்ல. நான்காவது வழிதான் எல்லாவற்றிலும் நம்பகமானது: பக்கம் ஏற்கெனவே வெளியாகியிருந்தால், தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியின் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, எந்தெந்தத் தேடல்களில் அது காட்டப்பட்டது என்று பாருங்கள். மக்கள் தட்டிய சொற்கள் அங்கே அப்படியே இருக்கும்.

இப்படித் திரட்டியதில் ஒரு முதன்மைச் சொற்றொடரைத் தேர்ந்தெடுங்கள். துணைக்கு ஒன்று இருக்கலாம். மூன்றாவது வேண்டாம். மற்றவற்றுக்குக் கட்டுரையின் உடலில் தாராளமாக இடமுண்டு.

தூய தமிழ்ச் சொல்லா, புழக்கத்தில் உள்ள ஆங்கிலச் சொல்லா என்ற கேள்வி இங்கே எழும். டைட்டிலைப் பொறுத்தவரை மக்கள் தேடும் சொல் முன்னால் வரட்டும். 'மடிக்கணினி' என்பதை முதல் பத்தியிலும் உட்தலைப்புகளிலும் பயன்படுத்துங்கள். தமிழ்ச் சொல்லும் இழக்கப்படாது, தேடுபவரும் வந்து சேர்வார்.

இன்னொன்று, தமிழுக்கே உரியது. நம் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்றால் வடிவம் மாறுகின்றன: லேப்டாப், லேப்டாப்பை, லேப்டாப்பின், லேப்டாப்பிலிருந்து. தேடுபவர் பெரும்பாலும் உருபில்லாத வடிவத்தையே தட்டுகிறார். முதன்மைச் சொல்லை டைட்டிலில் உருபில்லாமல் வைக்கும்படி வாக்கியத்தை வளைத்துப் பாருங்கள். 'லேப்டாப்பின் வெப்பத்தைக் குறைப்பது எப்படி' என்பதைவிட 'லேப்டாப் சூடாவதைத் தடுப்பது எப்படி' மேல்.

படி 2: இந்தப் பக்கத்தில் மட்டும் இருப்பது என்ன?

உங்கள் தளத்தில் லேப்டாப் பற்றி இருபது பக்கங்கள் இருக்கலாம். 'லேப்டாப் பராமரிப்பு குறிப்புகள்' என்ற டைட்டில் அவற்றில் பதினைந்துக்குப் பொருந்தினால், அது எதற்கும் உரிய டைட்டில் அல்ல. ஒரே டைட்டிலோடு இரண்டு பக்கங்கள் இருந்தால் எதைக் காட்டுவது என்பதைத் தேடுபொறிதான் முடிவுசெய்ய வேண்டியிருக்கும். நீங்கள் விரும்பாத பக்கம் முன்னால் வருவது இப்படித்தான்.

ஒரு விரிதாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: பக்க முகவரி, இப்போதைய டைட்டில், பக்கம் தரும் விடை ஒரே வாக்கியத்தில். மூன்றாவது பத்தியை நிரப்ப முடியாமல் திணறினால் குறை டைட்டிலில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பக்கங்களுக்கு ஒரே வாக்கியம் வந்தால் அவற்றை இணைப்பதைப் பற்றி யோசியுங்கள். டைட்டிலை மாற்றி மட்டும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஒரே பட்டியலின் 2ஆம் பக்கம், 3ஆம் பக்கம் போன்றவை விதிவிலக்கு. அப்படித் தொடரும் பக்கங்களுக்குத் தனித்தனி டைட்டில் அவசியமில்லை என்கிறது கூகுள். முடிந்தால் 'பக்கம் 2' என்று சேர்த்துவிடுங்கள், புக்மார்க்கில் உதவும்.

படி 3: வரியைக் கட்டுங்கள்

முதன்மைச் சொற்றொடர், பிறகு இந்தப் பக்கத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் விவரம், தேவையானால் தளத்தின் பெயர். வரிசை இதுதான். முதலில் எழுதும் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய லேப்டாப் பராமரிப்புக் குறிப்புகள்

'அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய' என்ற மூன்று சொற்கள் விலைமதிப்பான முன்னிடத்தைத் தின்றுவிட்டன, சொன்னது எதுவுமில்லை. திருத்திய வடிவம்:

லேப்டாப் சூடாவது ஏன்? விசிறி, தெர்மல் பேஸ்ட் சரிசெய்யும் முறை

சிக்கல் முன்னால் வந்துவிட்டது. 'விசிறி', 'தெர்மல் பேஸ்ட்' (செயலியின் சூட்டைக் கடத்தப் பூசும் பசை) என்ற இரண்டு பெயர்களும் இந்தப் பக்கம் மேலோட்டமான அறிவுரை அல்ல, கருவியைத் திறந்து வேலை செய்யச் சொல்லித்தரும் பக்கம் என்பதைக் காட்டிவிடுகின்றன. குறிப்பான பெயர்ச்சொல் ஒன்று, 'முழுமையான', 'அற்புதமான', 'சிறந்த' போன்ற பத்து அடைமொழிகளுக்குச் சமம். அடைமொழியை எல்லாரும் போட முடியும். பெயர்ச்சொல்லை விஷயம் உள்ளவர்தான் போட முடியும்.

செய்யக் கூடாதது: 'லேப்டாப் சூடு, லேப்டாப் ஹீட், லேப்டாப் வெப்பம், லேப்டாப் கூலிங்' என்று அடுக்குவது. இது சொல் திணிப்பு. தரவரிசைக்கு உதவாது, படிப்பவருக்கு ஐயத்தைத் தரும், தேடுபொறி இந்த வரியையே தூக்கிவிட்டு வேறொன்றைப் போடவும் கூடும்.

பக்கத்தில் இல்லாததை டைட்டிலில் சொல்லாதீர்கள். '7 வழிகள்' என்றால் உள்ளே ஏழு இருக்க வேண்டும். ஆர்வத்தைத் தூண்டிவிட்டு விடையை மறைக்கும் வரிகள் சில கிளிக்குகளைக் கொண்டுவரலாம். ஆனால் வந்தவர் ஏமாந்து உடனே திரும்பிப் போவார், அடுத்த முறை உங்கள் தளத்தின் பெயரைக் கண்டாலே தாண்டிப் போவார்.

ஆண்டைச் சேர்ப்பதிலும் நிதானம் வேண்டும். விவரங்கள் ஆண்டுதோறும் மாறும் பொருளாக இருந்து, நீங்களும் ஆண்டுதோறும் திருத்துவதாக இருந்தால் மட்டும் சேருங்கள். தெர்மல் பேஸ்ட் பூசும் முறைக்கு ஆண்டு எதற்கு?

தளப் பெயரைக் கடைசியில், சிறு கோடு அல்லது நிமிர்ந்த கோட்டுக்குப் பின் வையுங்கள். 2022 முதல் கூகுள் தளத்தின் பெயரைத் தலைப்புக்கு மேலே தனி வரியாகக் காட்டத் தொடங்கியது. அதனால் இடம் போதாதபோது முதலில் வெட்ட வேண்டியது தளப் பெயரைத்தான். முகப்புப் பக்கம் மட்டும் வேறு: அங்கே பெயர் முதலில், செய்யும் வேலை அடுத்து. வெறுமனே 'முகப்பு' என்று விடுவது யாருக்கும் எதையும் சொல்லாது.

படி 4: நீளம்

50 முதல் 60 எழுத்து என்ற கணக்கு ஆங்கிலத்துக்கு உரியது. தமிழ்த் தளங்களில் அதை அப்படியே பின்பற்றுவதால்தான் பாதி வரிகள் மூன்று புள்ளிகளில் போய் முடிகின்றன.

கூகுள் டைட்டிலுக்கு நீள வரம்பு எதுவும் வைக்கவில்லை. திரையில் காட்டும்போது மட்டும், இருக்கும் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. கணினித் திரையில் அந்த அகலம் ஏறத்தாழ 600 பிக்சல். எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல, அகலம்தான் கணக்கு. தமிழில் 'ணை', 'ஊ', 'கௌ' போன்றவை அகலமாகப் பரவுகின்றன, 'ர', 'ப' போன்றவை குறைவாகவே எடுக்கின்றன. ஆங்கிலச் சிற்றெழுத்துகளோடு ஒப்பிட்டால் நம் எழுத்துகள் பொதுவாக அகலமானவை. வேலைக்கு ஒரு அளவாக, முக்கியமான செய்தி முதல் 25 முதல் 30 எழுத்துகளுக்குள் முடிந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் வருவது வெட்டுப்பட்டாலும் பொருள் கெடக் கூடாது.

எழுத்தை எண்ணுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'லேப்டாப்' என்பது கண்ணுக்கு 4 எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் அது 8 குறியீடுகள், ஏனென்றால் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் வரும். தேடலில் முன்வர உதவும் துணைநிரல்களான எஸ்இஓ பிளக்இன்களின் எண்ணிக்கைப் பட்டை பல நேரம் இந்தக் குறியீடுகளைத்தான் எண்ணுகிறது. அது சிவப்பாக மாறியதற்காக நல்ல வரியைச் சிதைக்காதீர்கள், பச்சையாக இருப்பதை நம்பியும் விட்டுவிடாதீர்கள். உங்கள் வரியின் நீளமுள்ள வேறு தமிழ்த் தலைப்புகளைத் தேடல் முடிவில் பார்த்து, எந்த இடத்தில் வெட்டு விழுகிறது என்று கவனிப்பதே நம்பகமான சோதனை. கைபேசியில் தலைப்பு இரண்டாவது வரிக்கு மடிவதால் சற்றுக் கூடுதல் இடம் கிடைக்கும்.

படி 5: எழுத்து சரிதானா என்று பாருங்கள்

திரையில் சரியாகத் தெரியும் தமிழ், உள்ளே தவறாக இருக்கலாம். மற்ற வழிகாட்டிகளில் இதைப் பற்றிப் பெரும்பாலும் எதுவும் இருக்காது, ஆனால் தமிழில் எழுதுபவர்களுக்கு இதைவிடச் சத்தமில்லாமல் இழப்பைத் தருவது வேறில்லை.

முதலாவது, 'ஔ' சிக்கல். 'ஔ' என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்துகளைத் தட்டுவது. அதேபோல் 'மௌனம்' என்பதற்குப் பதில் 'மெ', 'ள' சேர்த்து 'மெளனம்' என்று எழுதுவது. கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு சொற்கள். சோதிப்பது எளிது: சொல்லின் முன்னால் கர்சரை வைத்து வலப்பக்க அம்புக்குறியை ஒருமுறை அழுத்துங்கள். 'மௌ' முழுவதையும் ஒரே தாவலில் கடந்தால் சரி. 'ள'வுக்கு முன்னால் நின்றால் தவறு.

இரண்டாவது, துணைக்காலுக்குப் பதில் 'ர' வருவது. 'கால்' என்பது 'கரல்' ஆகிவிடும். வருடிய பக்கத்திலிருந்து எழுத்துணரி எடுத்த உரையிலும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையிலும் இது அடிக்கடி நிகழும்.

மூன்றாவது, 'கொ', 'கோ' போன்றவற்றை இரண்டு விதமாகச் சேமிக்க முடிவது: ஒற்றைக் குறியாகவோ, முன்கொம்பும் காலும் தனித்தனியாகவோ. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமமே. ஆனால் விரிதாளில் ஒரே டைட்டில் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று தேடும்போது இவை வேறுபட்டவையாகத் தெரிந்து உங்களை ஏமாற்றும். என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தலை ஒருமுறை ஓட்டிவிட்டால் தீர்ந்தது.

பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய உரையை டைட்டிலில் போட்டால் ஒன்றுமே மிஞ்சாது. பக்கத்தின் உடலுக்கு எழுத்துருவை அமைக்கலாம், உலாவி டேபுக்கும் தேடல் முடிவுக்கும் அமைக்க முடியாது. அங்கே பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும், தேடுபொறிக்கும் அதுவே போய்ச்சேரும். யூனிகோடுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

படி 6: கூகுள் மாற்றி எழுதாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்

நீங்கள் கொடுத்த டைட்டிலையே காட்ட வேண்டும் என்ற கட்டாயம் கூகுளுக்கு இல்லை. 2021 ஆகஸ்டில் தலைப்பு உருவாக்கும் முறையை அது மாற்றியது. அடுத்த மாதமே, சுமார் 87 விழுக்காடு நேரங்களில் டைட்டில் டேகையே பயன்படுத்துவதாகவும், முன்பு அது 80 விழுக்காடாக இருந்ததாகவும் அறிவித்தது. மீதி நேரங்களில் எச்1, பக்கத்தில் பெரிதாகத் தெரியும் வேறு உரை, ஓப்பன் கிராஃப் டைட்டில், மற்றவர்கள் உங்களுக்கு இணைப்புக் கொடுத்த சொற்கள் ஆகியவற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

மாற்றுவதற்கான காரணங்கள் தெளிவானவை. டைட்டில் பாதி காலியாக, கோடும் தளப் பெயரும் மட்டுமாக இருப்பது. எச்1இல் புதிய ஆண்டும் டைட்டிலில் பழைய ஆண்டும் இருப்பது. எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே நீண்ட வால் ஒட்டியிருப்பது. பக்கத்தில் ஒரே அளவு பெரிய எழுத்தில் பல தலைப்புகள் இருந்து எது முதன்மையானது என்று தெரியாமல் போவது.

தமிழ்த் தளங்களுக்கு முக்கியமானது இன்னொன்று: மொழிப் பொருத்தம். பக்கத்தின் உள்ளடக்கம் எந்த மொழியில், எந்த வரிவடிவத்தில் இருக்கிறதோ அதிலேயே தலைப்பும் இருக்க வேண்டும் என்று கூகுள் எதிர்பார்க்கிறது. முழுக்கத் தமிழில் எழுதிவிட்டு டைட்டிலை மட்டும் ஆங்கிலத்தில் வைத்தால், அதை விட்டுவிட்டு வேறு உரையை எடுத்துக் காட்டலாம். ஆங்கில எழுத்தில் தேடுபவர்களைப் பிடிக்கலாம் என்று செய்யும் இந்த வேலை, கையில் இருக்கும் தமிழ் வாசகரையும் குழப்பிவிடும்.

உங்கள் டைட்டில் மாற்றப்பட்டிருந்தால் முதலில் கூகுள் காட்டும் வரியைப் படியுங்கள். பல நேரம் அது உங்கள் வரியைவிடத் தெளிவாக இருக்கும். அப்படியானால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: சரியான இடத்தில் போடுங்கள்

பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல்-யூ அழுத்தி மூலநிரலைப் பாருங்கள். ஹெட் பகுதிக்குள் டைட்டில் டேக் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் தீம் (தோற்ற அமைப்பு) ஒன்றும் எஸ்இஓ பிளக்இன் ஒன்றும் என்று இரண்டு வந்துவிடுவது உண்டு; தீம் தருவதை நீக்குங்கள். சோதனைக் கருவி பல டைட்டில்கள் இருப்பதாகச் சொன்னால் பதற வேண்டாம், பக்கத்தில் பதித்த எஸ்விஜி படங்களுக்குள்ளும் அதே பெயரில் டேக் இருக்கும். அது பிழையல்ல.

'மற்றும்' என்பதற்கான ஆம்பர்சண்ட் குறி இருமுறை குறியாக்கம் ஆகி, தேடல் முடிவில் அதன் நிரல் வடிவமே தெரிவதும் அடிக்கடி வரும் கோளாறு. தமிழில் அந்தக் குறியே தேவையில்லை, காற்புள்ளி போதும்.

ஜாவாஸ்கிரிப்டால் கட்டிய தளமானால் மூலநிரலில் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே டைட்டில் இருந்து, பிறகு நிரல் ஓடி மாற்றுகிறதா என்று பாருங்கள். கூகுள் நிரலை ஓட்டிப் பார்க்கும். இணைப்பின் முன்னோட்டம் எடுக்கும் பல சேவைகள் ஓட்டுவதில்லை. சர்வரிலிருந்து வரும்போதே சரியான டைட்டில் வருவது நல்லது.

தேடுபொறி எந்தப் பக்கங்களைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தடுத்த பக்கத்தின் டைட்டிலைக் கூகுளால் படிக்க முடியாது. ஆனாலும் வெளி இணைப்புகளின் சொற்களைக் கொண்டு அந்தப் பக்கத்தைக் காட்டிவிடக்கூடும். தேடலிலேயே வேண்டாம் என்றால் தடையை எடுத்துவிட்டு, தேடலில் காட்டாதே என்று சொல்லும் நோஇன்டெக்ஸ் குறியைப் போடுங்கள்.

நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருந்தால் ஸ்க்ரீமிங் ஃப்ராக் போன்ற கருவியால் எல்லா டைட்டில்களையும் ஒரே பட்டியலாக எடுங்கள். 500 முகவரிகள் வரை கட்டணமில்லை. காலியானவை, இரட்டையானவை உடனே தெரிந்துவிடும்.

படி 8: மாற்றியபின் அளந்து பாருங்கள்

எல்லாப் பக்கங்களையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். சர்ச் கன்சோலில் சராசரி இடம் 3 முதல் 10க்குள், இம்ப்ரஷன் (தேடலில் காட்டப்பட்ட எண்ணிக்கை) அதிகம், கிளிக் விகிதம் (காட்டியதில் கிளிக் ஆன பங்கு) குறைவு என்றிருக்கும் பக்கங்களை முதலில் எடுங்கள். அவை ஏற்கெனவே கண்ணில் படுகின்றன, வரி சரியில்லாததால் கைவிடப்படுகின்றன. 40ஆம் இடத்தில் உள்ள பக்கத்துக்கு டைட்டிலை மட்டும் மாற்றிப் பெரிதாக எதுவும் நடக்காது. அங்கே உள்ளடக்கத்தில் வேலை இருக்கிறது.

டைட்டிலை மாற்றும் நாளில் முகவரியையோ கட்டுரையையோ சேர்த்து மாற்ற வேண்டாம். எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். பழைய வரி, புதிய வரி, தேதி மூன்றையும் விரிதாளில் குறியுங்கள். சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் பகுதியில், பக்கத்தை மறுபடி வாசிக்கும்படி கூகுளைக் கோருங்கள். புதிய வரி தேடலில் தெரியச் சில நாள்களிலிருந்து சில வாரங்கள் வரை ஆகலாம். தெரியத் தொடங்கிய நாளிலிருந்து 28 நாள்களை, மாற்றத்துக்கு முந்தைய 28 நாள்களோடு ஒப்பிடுங்கள். 28 என்பது நான்கு முழு வாரம் என்பதால் வார இறுதி ஏற்றத்தாழ்வு கணக்கைக் கெடுக்காது.

ஒப்பிடும்போது பக்கத்தின் மொத்த கிளிக் விகிதத்தை மட்டும் பார்த்தால் தவறாகப் புரிந்துகொள்வீர்கள். டைட்டில் நன்றாக அமைந்ததால் பக்கம் புதிய தேடல்களிலும் எட்டாம், ஒன்பதாம் இடத்தில் தோன்றத் தொடங்கும். இம்ப்ரஷன் பெருகி விகிதம் சரியும், கிளிக்குகளோ கூடியிருக்கும். அதனால் முதன்மைச் சொற்றொடர் ஒன்றை மட்டும் வடிகட்டி, சராசரி இடம் பெரிதாக மாறாத நிலையில் கிளிக் விகிதம் ஏறியதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் அதே சொற்றொடரை நீங்களே தேடி, உங்களுக்கு மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். எல்லாமே 'ஏன் சூடாகிறது' என்று தொடங்கினால், உங்கள் வரியில் தெர்மல் பேஸ்ட்டை முன்னுக்குக் கொண்டுவந்து மறுபடி 28 நாள் பாருங்கள்.